காரைக்குடியில் பழைய சைடுபோர்டு வாங்கப் போகிறீர்களா? முதுகைப் பார்த்து வாங்குங்கள்

மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார். பழைய சைடுபோர்டு, அதாவது சாப்பாட்டு அறைச் சுவரோரம் நின்று மேலே வைத்துப் பரிமாறவும் உள்ளே பாத்திரம் அடுக்கவும் உதவுகிற, டிராயரும் கதவும் வைத்த சாமான், அதை வாங்கப் போகிறவர் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் எல்லாக் கடையிலும் அழகாகத்தான் இருக்கும். போன வாரம் அடித்த பாலிஷில் உங்கள் முகமே தெரியும், பித்தளைக் குமிழ்கள் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னும். பழைய சாமான் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் கடைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்டுவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். அந்தக் கதை கொஞ்சம் கீழே வருகிறது.

கடைக்குப் போகுமுன் வீட்டில் டேப்பை எடுங்கள். சாப்பாட்டு மேசையைப் போட்டு, நாற்காலியில் ஆள் உட்கார்ந்த மாதிரி பின்னுக்கு இழுத்து வைத்து, நாற்காலி முதுகிலிருந்து சுவர் வரைக்கும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். சைடுபோர்டின் ஆழம் பெரும்பாலும் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடிக்குள் இருக்கும். அதற்கு முன்னால் ஓர் ஆள் குனிந்து டிராயரை முழுசாக இழுக்க வேண்டும், பின்னால் குழம்புச் சட்டியோடு இன்னொருவர் கடக்க வேண்டும், ஆக மூன்று அடியாவது காலியிடம் வேண்டும். அந்த இடம் இல்லாத வீட்டில் சைடுபோர்டு போட்டால் ஆறு மாசத்தில் அது செய்தித்தாளும் கரண்ட் பில்லும் போடுகிற திண்ணையாகிவிடும்.

உயரத்தையும் யோசியுங்கள். சாப்பாட்டு மேசை 30 அங்குலம் என்றால் சைடுபோர்டு 34லிருந்து 38 அங்குலம் வரை இருந்தால் நின்றுகொண்டு பரிமாற வசதி. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் சிலது 42 அங்குலம் வரை நிற்கும். உங்கள் வீட்டு அம்மா ஐந்தடி என்றால் சாதத்துப் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்புறம் வாசல் நிலை, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் எல்லாவற்றையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீட்டு முகப்பு வாசலில் யானை மாதிரி உள்ளே போன சாமான் உங்கள் ஃபிளாட்டின் மூன்றடிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இது யார் வீட்டுச் சாமான்?

சைடுபோர்டு நம் ஊர்ப் பழக்கத்தில் பிறந்ததில்லை. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராபர்ட் ஆடம் போன்ற கட்டடக் கலைஞர்கள் பெரிய வீட்டுச் சாப்பாட்டு அறைக்கு ஒரு பரிமாறும் மேசையும் அதன் இரண்டு பக்கமும் தனித்தனிப் பெட்டிகளுமாக வடிவமைத்தார்கள், பிறகு அந்த மூன்றும் ஒட்டி ஒரே சாமானாகிவிட்டது. விக்டோரியா காலத்தில் அதன் முதுகில் பெரிய கண்ணாடி ஏறியது, செதுக்கு வேலை ஏறியது, எடையும் ஏறியது. 1920, 30களில் ஆர்ட் டெக்கோ வந்து மூலைகளை வழவழவென்று உருட்டிவிட்டது. 1950, 60களில் டென்மார்க்காரர்கள் தேக்கிலேயே, மெல்லிய கால்களோடு, தாழ்வாக நீளமாகச் செய்தார்கள். சின்ன வீட்டுக்கு எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கடைசி ரகம்தான், அல்லது அதைப் பார்த்து நம் ஊர் ஆசாரிகள் செய்தது.

செட்டிநாட்டில் சாப்பாடு என்றால் பந்தி. எங்கள் ஆயா வீட்டில் இரண்டாங்கட்டில் பாய் விரித்து இலை போடுவார்கள், இதில் சைடுபோர்டுக்கு என்ன வேலை? ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள் பர்மா தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் கப்பலில் கொண்டுவந்தபோது துரைமார் வீட்டு மேசை நாற்காலியும் சைடுபோர்டும் கூடவே வந்தன. பெரிய வீடுகளில் அவை துரை வந்தால் விருந்து வைக்க. மற்ற நாளில் பீங்கான், எனாமல் சாமான்களை அடுக்கி வைக்கிற கண்ணாடி பீரோ மாதிரி சைடுபோர்டு பட்டாலை என்கிற கூடத்தில் நின்றது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபிறகு வியாபாரம் அடிவாங்கி, வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, பங்காளிகள் பிரித்துக்கொண்டு, சிலது இடிபட்டு, அந்தச் சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்தன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் "செட்டிநாடு ஆன்டிக் சைடுபோர்டு" என்று காட்டுவது மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, நிஜமாகவே வெளிநாட்டிலிருந்து வந்தது. இரண்டு, அதைப் பார்த்துப் பர்மாவிலோ சென்னையிலோ இங்கேயோ ஆசாரிகள் செய்தது; மரம் பெரும்பாலும் இதில்தான் நன்றாக இருக்கும். மூன்றாவது, இடித்த வீட்டு உத்தரம், கதவு, நிலை இவற்றை அறுத்து இப்போது செய்தது. மூன்றாவதைக் குறையாகச் சொல்லவில்லை. நூறு வருஷம் காய்ந்த தேக்கு இனி லேசில் வளையாது, முறுக்காது, தாராளமாக வாங்கலாம். ஆனால் அது பழைய மரத்தில் செய்த புதுச் சாமான், அதற்குப் புதுச் சாமான் விலைதான். பொதுவாக நூறு வருஷம் தாண்டினால்தான் ஆன்டிக், அதற்குள் இருந்தால் விண்டேஜ். கடைக்காரர் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

முதுகு, அடிவயிறு, டிராயர்

சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். "கொஞ்சம் நகர்த்துங்கண்ணே" என்று கேளுங்கள். நகர்த்தத் தயங்கினாலே உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. பின்பலகையைப் பாருங்கள். பழைய கைவேலையில் பின்பக்கத்தை யாரும் மினுக்க மாட்டார்கள், பலகை பலகையாக, ஒரே அகலம் இல்லாமல், கறுத்துப் போயிருக்கும். விரலைப் படுக்கவைத்துத் தடவிப் பாருங்கள். இழைப்புளி போன தடம் லேசான அலை அலையாகக் கையில் தட்டும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மெஷினில் இழைத்த பலகை சிலேட்டு மாதிரி மட்டமாக இருக்கும். ரம்பத் தடம் நேர்கோடாக இருந்தால் கையால் அறுத்திருக்கலாம், வில் மாதிரி வளைந்த கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம். பின்பலகை பிளைவுட்டாக இருந்து, கடைக்காரர் "நூத்தம்பது வருஷம்" என்றால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஒன்று சாமானுக்கு அந்த வயசில்லை, இல்லை முதுகை மாற்றியிருக்கிறார்கள்.

ஸ்க்ரூவும் பேசும். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930களில் அமெரிக்காவில் வந்தது. 1890ஆம் வருஷத்துச் சாமான் என்று சொல்லும் ஒன்றின் கீலில் அது இருந்தால் கீல் மாற்றியதாக இருக்கலாம், அது மன்னிக்கக்கூடியது. உள்சட்டம் முழுக்க அதுவே இருந்தால் கதை வேறு.

அடுத்தது டிராயர். முழுசாக வெளியே உருவி, தலைகீழாகத் திருப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பக்கப் பலகையும் முன்பலகையும் சேரும் மூலையில் விரல் கோர்த்த மாதிரி இணைப்பு இருக்கும், டவ்டெயில் என்பார்கள், புறாவின் வால் மாதிரி விரிந்திருப்பதால் அந்தப் பெயர். கையால் வெட்டியதில் ஒரு விரல் தடித்து, ஒரு விரல் மெலிந்து, ஓரத்தில் ஆசாரி கீறிய அடையாளக்கோடு அப்படியே தெரியும். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் மெஷின் வேலை. வெறும் கம்பி ஆணி அடித்து, வெள்ளையாகக் ஃபெவிகால் கசிந்து காய்ந்திருந்தால் சமீபத்தில் செய்தது அல்லது ரிப்பேர் பார்த்தது. டிராயரின் அடி ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுபது வருஷம் இழுத்து மூடிய டிராயர் அடியில் தேய்ந்து மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். சட்டம் ஏறின இடம் மட்டும் குழிந்திருக்கும். முகம் பழசு, அடி புதுசு என்றால் யாரோ வேஷம் போட்டிருக்கிறார்கள்.

பழைய உத்தரத்தில் செய்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சம்பந்தமில்லாத இடத்தில் ஓட்டை அடைத்திருப்பார்கள். கதவுத் தாழ்ப்பாள் இருந்த சதுரக் குழியில் சின்ன மரத்துண்டை வைத்து அடைத்திருப்பார்கள், அந்தத் துண்டின் ரேகை குறுக்கே ஓடும். உள்மூலைகளில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி ஒட்டியிருந்தால் அந்த மரம் சுவரில் இருந்து வந்தது.

பாலிஷ் படாத உட்பக்கத்தை மோந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். தேக்குக்கு எண்ணெய்ப் பசையோடு தோல் மாதிரி ஒரு வாசம் உண்டு. ஈட்டி மரம் கனமாக இருக்கும், கறுப்பும் ஊதாவுமாகக் கோடு ஓடும். முன்பக்கம் ஈட்டி, உள்ளே பார்த்தால் வெளுத்த ஏதோ மரம் என்றால் சாயம் ஏற்றியிருக்கலாம். ஆனால் இங்கிலாந்துச் சாமானில் மெல்லிய ஒட்டுப்பட்டை, அதாவது வெனீர் வேலை சகஜம், அது ஏமாற்று இல்லை. வெனீர் ஒட்டிய இடத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், உப்பி விட்ட இடத்தில் சத்தம் மாறும். பழைய வஜ்ஜிரப் பசை நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும்.

நான் ஏமாந்த கதை

கதைக்கு வருகிறேன். மூன்று டிராயர், இரண்டு கதவு, மேலே சலவைக்கல், பின்னால் ரசம் போன கண்ணாடி. சாயங்காலம் ஏழு மணி, டியூப்லைட் வெளிச்சம். கடைக்காரர் நல்ல மனுஷர் மாதிரிதான் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். நான் முன்பக்கத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மூன்றாவது மாசம் ஒரு நாள் காலையில் கூட்டும்போது பின்காலுக்குப் பக்கத்தில் மைதா சிந்தின மாதிரி ஒரு சின்னக் குவியல். துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கீழே உட்கார்ந்து பொடியை இரண்டு விரலால் நசுக்கிவிட்டு, "தம்பி, இது உளு. வெளிறு மரம். வைரம் இருக்கிற மரத்துல இது ஏறாது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. தேக்கின் நடுமரத்தை, அதாவது வைரத்தை, கரையானும் உளுவும் லேசில் தொடாது. ஓரத்து வெளிறு அப்படியில்லை, அது அவற்றுக்கு விருந்து. அதனால் வாங்கும்போது மரம் தேக்கா என்பதோடு வைரமா வெளிறா என்பதையும் பாருங்கள். ஒரே பலகையில் தேன் நிறத்துக்குப் பக்கத்தில் வெளுத்த பட்டை ஓடினால் அதுதான் வெளிறு. ஓட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரம் கறுத்து அழுக்கடைந்த ஓட்டை பழசு, பூச்சி போய்விட்டது. ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்து, தட்டினால் பொடி விழுந்தால் உள்ளே குடும்பம் இருக்கிறது. சந்தேகமிருந்தால் அடியில் கறுப்புத் துணியை விரித்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் போய்விடும் என்பார்கள், நம்பாதீர்கள். பாலிஷ் அடித்த மரத்தில் மேலே தடவுகிற எந்த மருந்தும் உள்ளே இறங்காது. பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டு ஓட்டை ஓட்டையாக ஊசி போட வைக்க வேண்டும். எனக்கு இரண்டு காலை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

கால் என்றதும் ஞாபகம் வருகிறது. எறும்பு ஏறாமல் இருக்கப் பழைய வீடுகளில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிற பீரோக்களின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். அந்த ஈரம் வருஷக்கணக்கில் மரத்தில் ஏறி, அடி இரண்டு அங்குலம் மெத்துப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நான்கு காலும் ஒரே ரகமா, ஒரே கடைசலா என்றும் பாருங்கள்.

தொய்வுக்கு ஒரு நூல் போதும். மேல்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். கால் அங்குலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் அடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் பொறுக்காதீர்கள்.

கல், கண்ணாடி, பாலிஷ்

சலவைக்கல் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும், இரண்டு பேர் தூக்கினால் வந்துவிடும். தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால் விரிசலை ஒட்டியது தெரியும். இன்னொன்று, சலவைக்கல்லுக்கு அமிலம் ஆகாது. நம் சாப்பாட்டில் புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் இல்லாமல் எது இருக்கிறது? ரசம் சிந்தி அரை மணி நேரம் ஆனால் அந்த இடம் மினுமினுப்புப் போய் மங்கிவிடும், துடைத்தால் போகாது. தினமும் பரிமாறுகிற வீடு என்றால் மேலே கல் வேண்டாம், மரப் பலகையே எடுங்கள்.

கண்ணாடியில் பேனா முனையை வைத்தால் முனைக்கும் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி தெரியும், இடைவெளி கூடினால் கண்ணாடி தடிப்பு. பழைய கண்ணாடியில் முகம் லேசாக அலையும், ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதுசு போடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, ஆனால் உங்கள் வீடு.

பாலிஷ் பழசா என்று பார்க்க, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் கொம்பரக்கைக் கரைத்துச் செய்த பிரெஞ்சு பாலிஷ். ஒன்றுமே ஆகாவிட்டால் பியூ (பாலியூரித்தேன்) மாதிரி நவீனப் பூச்சு. அரக்குப் பாலிஷ் அழகு, ஆனால் சூடு தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கின சட்டியை நேரே வைத்தால் வட்டமாக வெள்ளை விழும். இதற்குத்தான் பாட்டிமார்கள் பிரிமணை வைத்திருந்தார்கள். "எல்லாத்தையும் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுத் தர்றோம்" என்று கடைக்காரர் தாராளமாகச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். சாமானின் வயசு அந்தக் கறுத்த மேல்தோலில்தான் இருக்கிறது.

விலை பேசும்போது காலை நேரத்தில், வெயில் வெளிச்சத்தில், முடிந்தால் தெரிந்த ஆசாரியோடு போங்கள். அவருக்கு அரைநாள் கூலி கொடுத்தாலும் லாபம். குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ஆனால் சாமானை மட்டம் தட்டிப் பேசாதீர்கள், கடைக்காரருக்கும் அது சோறு போடுகிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் நிதானம். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருட்களைத் தனி ஆட்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது, ஈட்டி மரத்துக்கு 2017லிருந்து சர்வதேசக் கட்டுப்பாடும் இருக்கிறது. தொல்லியல் துறையில் விசாரிக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கொண்டுபோக ஒரு குட்டி யானை வண்டி போதும். கல்லைத் தனியாக எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, இரண்டையும் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கட்டுங்கள், படுத்தால் ரோட்டுக் குழி உடைத்துவிடும். டிராயர்களை உருவித் தனியாகக் கொண்டுபோங்கள். வீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் போட்டிருந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், நாலு பேர் தூக்க வேண்டும், இழுத்தால் விழுகிற கோடு தரையை விட்டுப் போகாது.

சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும். கால்களுக்கு அடியில் ரப்பரோ பித்தளைக் குப்பியோ போட்டால் வீடு துடைக்கிற ஈரம் ஏறாது. ஏசி நேராகப் படுகிற இடம் வேண்டாம், காய்ந்து பலகை சுருங்கி நடுவில் இடைவெளி விட்டுவிடும். கடலோர ஊருக்குக் கொண்டுபோனால் மழைக்காலத்தில் டிராயர் இறுகும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள், வெயில் வந்ததும் ஆடும். டிராயரைக் கழற்றி, அடி ஓரத்தில் மெழுகுவர்த்தியை நாலு இழுப்பு இழுங்கள். முதல் மாசம் பாத்திரம் எதையும் அடுக்காமல், அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுத் தினமும் காலையில் குனிந்து பாருங்கள். தாள் சுத்தமாக இருந்தால் அப்புறம் பீங்கானை எடுத்து அடுக்க ஆரம்பிக்கலாம்.